வீட்டிலேயே பிரேக்குக்கு ஏர் எடுத்த பிறகும் பெடல் ஏன் கீழே இறங்குகிறது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதியிருக்கும் அன்பரின் கேள்வி இது. பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிய சிறிய பெட்ரோல் கார். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. முன்புறம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பர்களையும் ரப்பர் ஹோஸ்களையும், பின்புறம் டிரம்மின் உட்புறத்தில் அழுந்திப் பிடிக்கும் பிரேக் ஷூக்களையும் அவற்றை விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டர்களையும் வீட்டு வாசலில் வைத்துத் தானே மாற்றியிருக்கிறார். தம்பியைப் பெடல் மிதிக்கவைத்து, ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீரும்வரை ஏர் எடுத்திருக்கிறார், அதாவது குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றியிருக்கிறார். காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான நிப்பிளில் குமிழி வருவது நின்றுவிட்டது. ஆனாலும் முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நின்று கெட்டியாகிறது. "இன்னும் எத்தனை லிட்டர் ஆயில் விட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை ஏற்காடு அழைத்துப்போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆயில் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த அளவுக் காரின் பிரேக் குழாய்கள், சிலிண்டர்கள், ஆயில் ஊற்றிவைக்கும் தொட்டியான ரிசர்வாயர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கொள்ளளவு ஏறத்தாழ அரை லிட்டர்தான். ஒழுங்காகச் செய்தால் ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். ஆகவே இங்கே உண்மையான கேள்வி ஆயிலின் அளவைப் பற்றியதல்ல. உள்ளே இன்னும் காற்று இருக்கிறதா, அல்லது வேறு ஏதோ ஒன்று பெடலைக் கீழே இழுக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை தெரியும்வரை இரண்டாவது கேள்விக்கு என் பதில், போக வேண்டாம் என்பதுதான்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறையில் தொழில் பழகி, பிறகு சேலத்தில் கார், வேன்களின் பிரேக் வேலையையே முக்கியமாகச் செய்துவருகிறேன். உங்கள் காரை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்து மட்டுமே சொல்ல முடியும். அதனால் எல்லாக் கார்களுக்கும் பொருந்துவது எது, என் ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது முதலில். பிரேக் ஆயிலை அழுத்தினால் அது சுருங்குவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தால் காலின் அழுத்தத்தில் ஒரு பகுதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் ஈரப் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கும். எத்தனை முறை மிதித்தாலும் அந்த மெத்தென்ற தன்மை முழுதாகப் போகாது. இடைவெளியால் வரும் கோளாறு வேறு வகை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், முதல் மிதியில் போகும் ஆயில் ஷூவை டிரம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே சரியாகிவிடும். ஷூ பின்வாங்குவதற்குள் மறுபடி மிதித்தால், ரிசர்வாயரிலிருந்து கூடுதல் ஆயில் உள்ளே வந்து, பெடல் உயரத்திலேயே கெட்டியாக நிற்கும். காற்று இருந்தாலும் இரண்டாம் மிதியில் பெடல் சற்று உயரத்தான் செய்யும். பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பார்க்காதீர்கள். உயர்ந்து நின்றபின் காலுக்கு அடியில் கெட்டியாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் "கெட்டியாகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பின்புறம் ஷூக்களைக் கழற்றி மாற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, பின் டிரம்மின் இடைவெளியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இது என் ஊகம். ஆனால் காசு செலவில்லாமல் சரிபார்த்துவிடக்கூடிய ஊகம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிவிட்டு ஒரு முறை பெடலை மிதித்து, எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவைத்து, சில விநாடிகள் கழித்து மறுபடி ஒரே ஒரு முறை மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் கம்பி, பின் ஷூக்களை ஏற்கெனவே டிரம்மோடு ஒட்டவைத்திருக்கும். இப்போது முதல் மிதியிலேயே பெடல் தெளிவாக மேலே நின்றுவிட்டால், கோளாறு பின்புற இடைவெளியில் இருக்கிறது. இன்னும் பத்து லிட்டர் ஆயில் விட்டாலும் அது தீராது. எந்த மாற்றமும் இல்லையென்றால் முன்புறத்தையும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

புதிய ஷூ போடும்போது டிரம் உள்ளே நுழைவதற்காக, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முழுதாகச் சுருக்கிவிடுவோம். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப விரிக்க வேண்டும். தானாகவே இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும் அட்ஜஸ்டர் பல கார்களில் உண்டு. பெடலை மிதிக்க மிதிக்க, அல்லது ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட விட, ஒவ்வொரு பல்லாக ஏறும். ஆனால் இடைவெளி மிக அதிகமாக இருந்தால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. டிரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, டிரம்மைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஷூ எங்கோ லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும். சக்கரம் இறுகக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் உரச வேண்டும். ஒரு பக்கம் டிரம் கழன்றிருக்கும்போது பெடலில் காலே வைக்கக் கூடாது. வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிட்டால், எடுத்த ஏரெல்லாம் வீணாகிவிடும்.

இதில் பட்டறைகளிலேயே தவறும் ஓர் இடம் உண்டு. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று, ஷூவின் இடைவெளியைப் பார்க்காமல் முதலிலேயே கம்பியை இறுக்கிவிடுவார்கள். கம்பி இறுகியிருந்தால் ஷூக்கள் தங்கள் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. தானியங்கி அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. எனவே கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் ஷூவைச் சரிசெய்ய வேண்டும். கம்பியைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஷூவின் லைனிங்கில் (டிரம்மில் உரசும் மேற்பட்டையில்) பிரேக் ஆயில் பட்டிருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஷூ செட்டை மாற்றியாக வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்து முன்புறம். இரண்டு காலிப்பர்களையும் ஒரே நேரத்தில் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குனிந்து ஒன்றைப் பாருங்கள்: ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேற்பகுதியில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பல கார்களில் வலது காலிப்பர் இடது பக்கத்திலும் போல்ட் துளை மாறாமல் அப்படியே பொருந்திவிடும். பிரேக் பிடிக்கவும் செய்யும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே நிற்கும். கீழே இருக்கும் நிப்பிள் வழியாகச் சுத்தமான ஆயில் மட்டுமே வரும். குமிழி ஒன்றுகூட வராது, பெடலும் சரியாகாது. குமிழி நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்வதோடு இதுவும் பொருந்துவதால்தான் குறிப்பாகச் சொல்கிறேன். அப்படி இருந்தால் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுவதே தீர்வு. ஹோஸ் காலிப்பரோடு சேரும் இடத்தில் போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் வரும். கழற்றிய பழைய வாஷரைத் திரும்பப் போட்டிருந்தால் புதிதாக மாற்றுங்கள். விலை அற்பம், கசிவு அற்பமல்ல. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, புதிய ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை, டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர். ஒரு லிட்டர் தீரும்வரை பெடலைத் தரைவரை மிதித்திருக்கிறீர்கள். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் பாதையின் முதல் பகுதியில்தான் நகரும். வருடக்கணக்கில் தொடப்படாத மறுபகுதியில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். பெடலைத் தரைவரை அழுத்தினால் ரப்பர் சீல் அதன்மேல் போய் உரசிக் கிழிய வாய்ப்புண்டு. எல்லாப் பழைய கார்களிலும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏர் எடுக்கும்வரை ஒழுங்காக இருந்த மாஸ்டர் சிலிண்டர் அதற்குப் பிறகு போய்விட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இனி ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத மரக்கட்டை ஒன்றை வைத்துவிடுங்கள். சீல் கிழிந்திருக்கிறதா என்று அறியும் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, காலின் அழுத்தத்துக்குத் துணைபுரியும் பூஸ்டரில் மீந்திருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீரும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு ஓரளவு பலமாக மிதித்து, ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கோ ஆயில் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே சீலைத் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். சீல் கிட் மட்டும் மாற்றுவது முன்பு வழக்கமாக இருந்தது. உள்சுவரில் துருப் பள்ளம் இருந்தால் புதிய சீலும் சில மாதங்களில் போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இவை மூன்றும் இல்லை, பெடல் மெத்தென்றுதான் இருக்கிறது என்றால் காற்று இருக்கிறது. அப்போது முறையாக மறுபடி ஏர் எடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்து வேலை செய்யாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். நிப்பிளுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம், ரிங் ஸ்பேனர்தான் வேண்டும். நிப்பிளின் முனை மழுங்கிவிட்டால் பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் ஓடும் ஜீப்புகளில் மழையும் பனியும் பட்டு நிப்பிள்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். உங்கள் வண்டியிலும் அப்படி ஏதாவது இறுகியிருந்தால், முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் சிறு சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டி, முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டு, பிறகு தளர்த்துங்கள்.

உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை நிப்பிளில் இறுக்கமாகச் செருகி, மறுமுனையைச் சிறிது புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கிப் போய்ப் பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும். ஹோஸ்கள் முழுதாகக் கழன்றிருந்ததால், முதல் வேலையாகப் பெடலைத் தொடாமலேயே ஒவ்வொரு நிப்பிளாகத் திறந்து, ஆயில் தானாகச் சொட்டும்வரை காத்திருப்பது நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் பெருமளவு காற்று அமைதியாக வெளியேறிவிடும். வேகமாகப் பம்ப் செய்தால் பெரிய குமிழி நுரையாகச் சிதறி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் செலவழித்தும் பலருக்குச் சரியாகாததற்கு இதுவே பெரிய காரணம்.

பிறகுதான் இருவர் வேலை. பெடலில் இருப்பவர் நிதானமாக மூன்று முறை மிதித்து, மூன்றாம் மிதியில் பிடித்துக்கொண்டு "பிடித்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறப்பார். பெடல் கட்டைவரை இறங்கும். கீழே இருப்பவர் நிப்பிளை மூடி, "மூடிவிட்டேன்" என்று சொன்ன பிறகே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன் கால் எழுந்துவிட்டால், நிப்பிளின் மரைவழியாகக் காற்று திரும்ப உள்ளே போய்விடும். தம்பியும் நீங்களும் இதைச் சத்தமாகச் சொல்லிச் செய்யுங்கள். தலையசைப்பை நம்ப வேண்டாம். நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை ரிசர்வாயரைப் பாருங்கள். அது ஒரு முறை வற்றினாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று புகுந்து, வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். நிப்பிளை இறுக்க மணிக்கட்டு பலம் போதும். தோள் பலத்தைக் காட்டினால் அது உள்ளே முறிந்துவிடும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதில் மெக்கானிக்குகளிடையே ஒரே கருத்து இல்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் நீளம் அதிகமான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வருவது பழைய விதி. நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் இருப்பதால் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று வரும். ஆனால் இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் ஒரு பின்சக்கரமும் அதற்குக் குறுக்கே எதிரேயுள்ள முன்சக்கரமும் ஒரே குழாய்வழியில் இணைந்திருக்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லியிருக்கக்கூடும். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதையே பின்பற்றுங்கள். கையேடு கிடைக்காவிட்டால் பழைய விதிப்படியே இரண்டு சுற்று முழுதாகச் செய்யுங்கள். என் அனுபவத்தில், ரிசர்வாயர் வற்றாமல் இரண்டு சுற்று செய்தவர்களுக்கு வரிசையால் மட்டும் பிரச்சினை வந்ததில்லை. இன்னொன்று: சில கார்களிலும் வேன்களிலும் பின் ஆக்சிலுக்கு மேல், சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும். பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கினால், வண்டியில் சுமையே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்த வால்வு ஆயிலைக் குறைத்துவிடும். பின்புறம் ஆயில் மிக மெதுவாக வந்தால் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைத்துப் பாருங்கள்.

வேக்குவம் பம்ப் வாங்கித் தனியாளாகச் செய்யலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. செய்யலாம். ஆனால் அது நிப்பிளின் மரைவழியாக வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சும் என்பதால் குமிழி நிற்கவே நிற்காது. குழாயில் தெரியும் குமிழியை வைத்து உள்ளே காற்று இருக்கிறதா என்று அந்த முறையில் தீர்மானிக்க முடியாது. பெடலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆயில் பற்றி விட்டுக்கொடுக்கக் கூடாத சில விஷயங்கள். ரிசர்வாயர் மூடியில் ஆயிலின் தரவகை டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 விடலாம். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 விடாதீர்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை. இவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் சீல்கள் உப்பிப் பிரேக் முழுதும் போய்விடும். வீல் சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துடைப்பதற்குப் புது பிரேக் ஆயிலே போதும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலமாரியில் பாதி திறந்து கிடக்கும் பழைய டப்பாவும், பாட்டிலில் சேர்ந்த ஆயிலும் மறுபடி வண்டிக்குப் போகக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஏற்காட்டுக்கு வருகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர்; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வீட்டுக் குழாய்த் தண்ணீரை நாற்பது லிட்டருக்கு மேல் கொதிக்கவைக்க அது போதும். கியர் இறக்கி வந்தால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் கிட்டத்தட்ட எல்லாமே டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்கும்.

அந்தச் சூடு ஆயிலைப் போய்ச் சேரும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி; அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே விதி ஏற்றுக்கொள்கிறது. டாட் 4-க்கு இவை 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் திடீரென்று தரைக்குப் போகும். டிஸ்க்கை அழுத்தும் பேடும் ஷூவும் அளவுக்கு மீறிச் சூடாவது இன்னொரு வகை. அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: உடனே கியரை இறக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தி, அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஆறும்வரை நிற்பது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வளைந்துவிடும், விரிசல் விடவும் கூடும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவர்களை இன்றும் அந்தப் பாதையில் பார்க்கிறேன். இரண்டு மூன்று மிதிகளில் பூஸ்டரின் வேக்குவம் தீர்ந்துவிடும். அதன் பிறகு அதே பெடலுக்குப் பல மடங்கு பலம் வேண்டும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். எந்த மிச்சத்துக்கும் அது ஈடாகாது.

ஏற்காட்டுப் பாதையைப் பிரேக்குக்குச் சோதனையாக எண்ணுவது ஆபத்து என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறும்போது பிரேக்குக்கு வேலையே கிடையாது. அரைகுறைப் பிரேக்கோடும் ஒருவர் ஏரிக்கரைவரை சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடலாம். கோளாறு தெரியவருவது இறங்கத் தொடங்கி, பாதி வளைவுகளைக் கடந்து, எல்லாம் சூடேறிய பிறகுதான். அப்பா அம்மாவோடு அந்த இடத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். இந்த ஞாயிறு பஸ்ஸில் போய்வாருங்கள்.

பெடல் சரியான பிறகு இந்த வரிசையில் பாருங்கள். நான் மேலே சொன்ன ஒரு நிமிடச் சோதனையில் பெடல் இறங்கக் கூடாது. அதே நிலையில் காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றுக் கீழே போக வேண்டும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். நான்கு நிப்பிள்களையும் ஹோஸ் இணைப்புகளையும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு தெருவில் நடை வேகத்தில் நகர்த்தி நிறுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். டிஸ்க்கோ பேடோ புதிதாகப் போட்டிருந்தால், காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, ஆறவிட்டு மறுபடி குறைத்து, இப்படிப் பத்து முறையாவது செய்தால்தான் பேட் டிஸ்க்கோடு முழுதாகப் பொருந்தும். அதுவரை பெடல் சற்று மெத்தென்று இருப்பது இயல்பு. மறுநாள் காலையில் ரிசர்வாயரின் அளவையும் துணிச் சோதனையையும் மறுபடி பாருங்கள். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டி, ஆயில் அளவு மாறாமல், முதல் மிதியும் மாறாமல் இருந்தால் மலைக்குப் போகலாம். இறங்கும்போது இரண்டாம் கியர், தேவைப்படும் வளைவுகளில் முதல் கியர். காலைப் பெடலில் வைத்தே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விட்டு இறங்குங்கள்.

இதே வேலையை வேறு வண்டியில் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏபிஎஸ் உள்ள கார்களில் பேட், காலிப்பர் மாற்றி மேலே சொன்னபடி ஏர் எடுக்கலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ரிசர்வாயர் வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், அதன் வால்வுகளை ஸ்கேனர் கருவியால் இயக்கிக்கொண்டே ஏர் எடுக்க வேண்டிவரும் மாடல்கள் உண்டு. அது வீட்டு வேலை அல்ல. இரும்புக் குழாய் துருப்பிடித்து உடைந்து புதிதாக வளைத்துப் போட வேண்டியிருந்தாலும், நிப்பிள் காலிப்பருக்குள் முறிந்துவிட்டாலும், சோதனைகள் எல்லாம் செய்தும் முதல் மிதி ஏன் இறங்குகிறது என்று சொல்ல முடியாவிட்டாலும் வண்டியை ஓட்டிப்போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், இல்லையென்றால் வண்டியைக் கட்டி இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கயிற்றில் இழுபடும் வண்டிக்கும் பிரேக் வேண்டும்.